மாம்புரியில் ஒரு வானொலி நாள்

புத்தளத்திற்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பி, கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில் நுரைச்சோலையை அண்டி வருவது மாம்புரி. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு, இரண்டிற்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். கிணற்று நீரை நம்பித் தென்னையும் சின்ன வெங்காயமும் புகையிலையும் விளையும் மண் அது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழும் இக்கரையில், 1970களின் பிற்பகுதியில், கடலோரத்துக் கிடுகு வீடொன்றில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. கீரிமீன் அள்ளிக் கொடுத்த ஒரு பருவத்தின் முடிவில், அவ்வீட்டுக் குடும்பத்தலைவர் புத்தளம் நகருக்குச் சென்று வாங்கி வந்த ‘யுனிக்’ பெட்டி. மின்சாரம் அவ்வீட்டை எட்டியிருக்கவில்லை. நான்கு பற்றரிகளே அதன் உயிர். அவை இளைத்துப்போனால் முற்றத்துச் சாக்கில் கருவாட்டோடு கருவாடாக வெயிலில் காய்ந்து, இன்னும் இரண்டு நாளைக்கு உயிர் பெறும்.

அவ்வீட்டுப் பெண்ணுக்கு அன்று முப்பது வயதிருக்கும். மணிக்கூடு வீட்டில் இருந்தது. ஆனால் அது சரியாக ஓடியதில்லை. அவளுடைய நாளை வகுத்துக் கொடுத்தது வானொலியே. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை விடியற்காலையில் சமயங்களின் குரலோடு தொடங்கும். ஒவ்வொரு மதத்தினருக்கும் உரிய நற்சிந்தனை ஒன்றன்பின் ஒன்றாக வரும். அடுப்பு மூட்டும்போது ஒன்று, தேநீர் ஊற்றும்போது மற்றொன்று. தன் சமயத்துக்குரியது மட்டும் வேண்டுமென்று பெட்டியைத் திறந்து மூட அவளால் இயலாது. அதற்கு மணிக்கூடு வேண்டும், பொறுமையின்மையும் வேண்டும். இரண்டும் அவளிடம் இல்லை. ஆகவே சைவ நற்சிந்தனையில் வந்த திருக்குறளும் இஸ்லாமிய நற்சிந்தனையில் வந்த நபிமொழியும் அவள் கேளாமலே அவள் காதில் விழுந்தன. பல ஆண்டுகளின் பின் அவளுடைய மகன் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்குக் குறளொன்று தேடியபோது, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த அளவுக்கே படித்திருந்த அத்தாய் அடுப்படியிலிருந்தபடியே மூன்று குறள்களைச் சொன்னாள் என்றால், அதன் வழி இதுவே.

‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கிவிட்டால் பிள்ளைகள் புத்தகங்களைக் கட்ட வேண்டும். அது முடியுமுன் வேலியைத் தாண்ட வேண்டும். கரைவலை இழுக்கப் போன கணவர் திரும்பும்வரை பெட்டி அணைந்திருக்கும். பற்றரி ஓர் ஆடம்பரமல்லவா? முற்பகல் வேலை ஓய்ந்தபின் மங்கையர் நிகழ்ச்சி. ‘வானொலிக் குயில்’ எனப் புகழ்பெற்ற இராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை அவள் தன் மூத்த சகோதரியின் குரலைப்போல் அறிந்திருந்தாள். கருவாடு புரட்டும் கைகளுக்கு அக்குரல் துணையாயிற்று. பிற்பகலில் நேயர் விருப்பப் பாடல்கள், வார இறுதியில் ‘சிறுவர் மல’ரும் ‘இசையும் கதையு’ம், மாலையில் விவசாயிகளுக்கான செய்திகள், இரவில் முஸ்லிம் நிகழ்ச்சி, நாடகம், பின்னர் ‘இரவின் மடியில்’. ஒரே நாளில், ஒரே அலைவரிசையில், வெங்காயத்துக்கு உரமிடும் முறையும் கர்நாடக இசையும் கசீதாவும் எம்.ஜி.ஆர். பாட்டும் உலகச் செய்தியும் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வந்தன.

இத்தகைய கலப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. அதன் வேரைத் தேடிப் போனால் இலண்டனில் நிற்கவேண்டி வரும். 1924இல் கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தி, 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான சேவை தொடங்கியபோது, பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கே வயது மூன்றுதான். அந்நிறுவனத்தை வழிநடத்திய ஜோன் றீத் என்பாரின் கொள்கை, அறிவூட்டலும் செய்தி அறிவித்தலும் மகிழ்வூட்டலும் ஒரே சேவைக்குள் கலந்திருத்தல் வேண்டும் என்பது. நேயர் தமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவதை அவர் விரும்பவில்லை. நடனப் பாட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் நடுவே ஓர் அறிவியல் உரையையும் கேட்டுத் தொலைக்கட்டும் என்பது அவர் கருத்து. இதில் மேட்டிமைத்தனம் இல்லாமலில்லை. மக்களுக்கு எது நல்லது என்பதை ஒரு கனவான் மேலிருந்து தீர்மானிக்கும் போக்கு அது. குடியேற்ற நாடுகளின் வானொலிகள் அம்முறையைப் பெற்றபோது அந்தப் போக்கையும் சேர்த்தே பெற்றன.

தொலைக்காட்சியும் அவ்வழியிலேயே பிறந்தது. 1936 நவம்பர் 2ஆம் நாள், இலண்டனின் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஒளிபரப்பு. அந்த முதல்நாளிலேயே உயரதிகாரிகளின் உரையும், செய்திப்படமும், பாடகி அடெல் டிக்சனின் பாட்டும், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் இருவரின் ஆட்டமும், சீன வித்தைக்காரரின் செப்பிடு வித்தையும் அடுத்தடுத்து வந்தன. நம்மூர்த் திருவிழாவொன்றின் நிகழ்ச்சி நிரலைப் படிப்பதுபோல் இருக்கிறது. போருக்குப் பின்னும் அந்நாட்டில் மாலை 6 மணி முதல் 7 மணிவரை திரை இருண்டு கிடந்தது. சிறு பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்பப் பெற்றோருக்கு வசதி செய்து கொடுத்ததாம் நிருவாகம். 1957 பெப்ரவரியில்தான் அந்த இடைவெளி நீங்கியது. இதைக் கேட்டால் மாம்புரிப் பெண் சிரித்திருப்பாள். அவள் வீட்டிலும் மாலையில் ஒரு மணி நேரம் பெட்டி மூடியே இருந்தது. செபமாலை முடியாமல் அதைத் தொடக்கூடாதென்பது மாமியாரின் கட்டளை. எந்த அரசாங்கமும் அதை விதிக்கவில்லை. 1957க்குப் பின்னும் அது நீங்கவில்லை.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பொறுத்தவரை, இலண்டன் கற்பித்த ஒழுங்கோடு இந்நாட்டுக் கலைஞர்கள் கூட்டிச் சேர்த்தது பேச்சுத் தமிழின் பன்மையை. 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை கடல் கடந்தும் கொடிகட்டிப் பறந்தது. இந்திய வானொலி 1950களின் முற்பகுதியில் திரைப்பாட்டை ஒதுக்கி வைத்திருந்தமையால் தமிழகத்து வீடுகளும் கொழும்பை நோக்கித் திரும்பின. எஸ்.பி. மயில்வாகனனின் அறிவிப்பை அக்கரையிலுள்ளோர் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் அப்புகழைக் காட்டிலும் பெரிதாக மதிக்கத்தக்கது ஒரு நகைச்சுவை நாடகம். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற அந்நாடகத்தில் மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என நால்வர். ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் சிங்களவரின் வாயில் சிக்கிய தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் பிராமணத் தமிழ். மரிக்காராகப் பேசியவர் எஸ். ராம்தாஸ், ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீட். உபாலியாக வந்த செல்வசேகரனும் அப்புக்குட்டியாக வந்த ராஜகோபாலும் தம் பாத்திரங்களின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சுமக்கலாயினர். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமும் ஆயிற்று.

மாம்புரியில் இந்நாடகத்தை மக்கள் கேட்ட விதமே தனி. கிடுகு வீட்டிலிருந்து இருபது யார் தள்ளி ஒரு தேநீர்க்கடை இருந்தது. கடைக்காரர் முஸ்லிம்; அவரை ஊரார் ‘நானா’ என்றே அழைத்தனர். கடையிலும் ஒரு வானொலி. அது கார் பற்றரியில் ஓடியது. நாடக நேரத்தில் வாங்கில் கரைவலைக்காரரும், வெங்காயத் தோட்டக்காரரும், உடப்பிலிருந்து பருவத்திற்கு வந்து வாடி போட்டிருந்த இந்து மீனவரும், சிலாபத்துச் சிங்களக் கத்தோலிக்கரும் நெருங்கி அமர்வர். மரிக்கார் பேசினால் எல்லோரும் கடைக்காரரைப் பார்த்துச் சிரிப்பர். உபாலி பேசினால் கடைக்காரர் சிலாபத்தாரைப் பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கேலியையும் பிறரைப் பற்றிய கேலியையும் ஒரே தேநீரோடு விழுங்கினர். கேலி சில வேளை குத்தியிருக்கவும் கூடும். ஆனால் குத்துவோனும் குத்துப்படுவோனும் ஒரே வாங்கில் இருந்தமையால், ஆளில்லாத இடத்தில் பேசும் பேச்சின் நஞ்சு அதில் இல்லை.

நிலவில் மனிதன் காலடி வைத்த 1969 யூலையின் கதையையும் அக்கடை வாங்கு நெடுங்காலம் மறக்கவில்லை. அப்பல்லோ பயணத்தைத் தமிழில் நேரடியாக விளக்கிய வீ. சுந்தரலிங்கத்துக்கு ‘அப்பல்லோ சுந்தா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அன்று கடலுக்குப் போகாமல் கேட்டிருந்தவர்களுள் ஒரு கிழவர், வெள்ளைக்காரன் சொல்வதை நம்பமாட்டேன், ஆனால் சுந்தா சொல்வதால் நம்புகிறேன் என்றாராம்.

வானொலி நாளின் மிகக் கனத்த பகுதி பாட்டுமன்று, நாடகமுமன்று. செய்திக்குப் பின் வாசிக்கப்பட்ட மரண அறிவித்தல்களே அது. தொலைபேசி அஞ்சலகத்தில் மட்டுமிருந்த காலம். தந்தி புத்தளத்திற்கு வந்து, அங்கிருந்து மிதிவண்டியில் மாம்புரி சேர்வதற்குள் பிணம் அடக்கமாகிவிடும். எனவே காலமானவரின் பெயர், ஊர், உறவினர் பெயர்கள், நல்லடக்க நேரம், சேமக்காலை அல்லது மையவாடி என்ற விபரங்களை அறிவிப்பாளர் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிப்பார். நாடு முழுவதும் தமிழ் வீடுகள் அந்நேரம் அமைதி காத்தன. தமக்கு அறிமுகமேயில்லாத ஒருவரின் பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர் பெயர்களையெல்லாம் முழுதாகக் கேட்டு, “ஐயோ பாவம்” என்று சொல்லி, பிறகே சோற்றில் கைவைத்தனர்.

ஒரு நாள் நண்பகல் அப்பெண் பெட்டியைத் திறக்கவில்லை. பற்றரிகள் இளைத்திருந்தன, இரவு நாடகத்துக்கென்று அவற்றைச் சேமித்து வைத்திருந்தாள். கடைக்கார நானாவோ அன்று காதைப் பெட்டியோடு ஒட்டியபடி இருந்தார். அவருடைய மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, ‘நீங்கள் கேட்டவை’ நிகழ்ச்சிக்குத் தபாலட்டை அனுப்பியிருந்தாள். பாட்டு யாருக்கு வேண்டும்? தன் பெயரை வானொலியில் கேட்கவேண்டும் என்பதே அவளது ஆசை. இரண்டு கிழமையாகத் தந்தையும் மகளும் காத்திருந்தனர். நிகழ்ச்சிக்கு முன் மரண அறிவித்தல் வந்தது. பேசாலையைச் சேர்ந்த ஒருவர் காலமானார் என்றது குரல். உறவினர் பெயர்களுக்கு நடுவே மாம்புரி என்ற ஊர்ப்பெயர் ஒலித்தது.

நானா சால்வையைக்கூட எடுக்காமல் மணலில் ஓடினார்.

“தங்கச்சி, றேடியோ போடல்லையா?”

“இல்ல நானா. ஏன்?”

“பேசாலையில உங்கட மூத்தவர்ட பேரைச் சொன்னாங்க. நாளைக்குப் பின்நேரம் நாலு மணிக்காம்.”

அவள் கையிலிருந்த சுளகு நழுவிற்று. கணவர் கடலில். நானாவே வீதிக்குப் போய் வெங்காய லொறியொன்றை மறித்து, அவளையும் மாமியாரையும் புத்தளத்திற்கு ஏற்றி அனுப்பினார். அநுராதபுரத்தில் இரவைக் கழித்து, மதவாச்சி சென்று, தலைமன்னார்ப் புகைவண்டியில் பேசாலையில் இறங்கியபோது கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. பெட்டியை மூடுமுன் அண்ணனின் முகத்தை அவள் பார்த்தாள். நானா கடைக்குத் திரும்பிய வேளையில் மகளின் பெயர் வாசிக்கப்பட்டு முடிந்திருந்தது. அச்சிறுமி அதைத் தனியே கேட்டாள். தன் பெயரின் முற்பாதியைத்தான் கேட்டாள் என்றும், பிற்பாதி கூவிக்கொண்டு போன பேருந்தின் ஒலியில் மறைந்தது என்றும் பின்னாளில் சொல்வாள். தந்தையோடு ஒரு மாதம் அவள் கோபமாயிருந்தாள்.

பலவகை நிகழ்ச்சிகள் ஒரே பெட்டிக்குள் நெருக்கியிருந்ததன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. பேசாலைக் கத்தோலிக்கரின் மரணம், மாம்புரி முஸ்லிம் ஒருவரின் காதுக்காக அறிவிக்கப்பட்டதன்று. அவர் மகளின் பெயருக்காகக் காத்திருந்தபடியால் அது அவர் காதில் விழுந்தது. மரண அறிவித்தலுக்கென்று ஓர் அலைவரிசையும், பாட்டுக்கென்று ஓர் அலைவரிசையும் அன்று இருந்திருக்குமாயின் அவள் தன் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கமாட்டாள்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிலாபத்திலிருந்து நீர்கொழும்புவரை நீளும் கரையில், தமிழ் பேசிய கத்தோலிக்கக் கிராமங்கள் பல கடந்த நூற்றாண்டில் பாடசாலை மொழி மாறியதோடு சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழிலும் பேரன் சிங்களத்திலும் பேசும் வீடுகள் அங்கே இருந்தன. தமிழ் அங்கே செபத்திலும் ஏசலிலும் மட்டும் எஞ்சியது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கற்பிட்டிப் பக்கம் அவ்வாறு ஆகாமைக்குக் காரணங்கள் பல. முஸ்லிம்கள் தமிழ்மொழிப் பாடசாலைகளை நிலைபெறச் செய்தமை அவற்றுள் தலையாயது. வானொலியையும் அப்பட்டியலில் சேர்ப்பது மிகையாகாது. தம் தமிழ் தம் கரையோடு முடிந்துவிடுவதில்லை, யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மலையகமும் அதைப் பேசுகின்றன என்பதை அம்மீனவருக்கு நாள்தோறும் உணர்த்தியது அப்பெட்டியே. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடர் நாடகத்துக்காக, யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத மாம்புரிப் பெண்கள் கண்ணீர் விட்டனர்.

ஆயினும் இந்நாளில் ஒரு துவாரம் இருந்தது. அதை மறைத்துவிட்டு வானொலியைப் புகழ்வது நேர்மையாகாது. எல்லாவற்றையும் கலந்து தந்த அரச வானொலி, அரசு விரும்பாததைத் தரவில்லை. போரும் தணிக்கையும் நாட்டை மூடிய 1980களில், வெங்காய விலை சரியாக வந்தது. பக்கத்து மாவட்டத்தில் என்ன நடந்ததென்பது வரவில்லை. அக்காலத்தில் தேநீர்க்கடை வாங்கின் இரவு நேரம் மாறிற்று. ஒன்பது மணிக்குப் பின் நானா சிற்றலைக்கு முள்ளைத் திருப்புவார். இரைச்சல், விசில், யாரோ ஒருவரின் அரபு, பின் தெளிவாக ஒரு குரல்: இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை. 1941 மே மாதத்தில், உலகப் போரின் நடுவே தொடங்கப்பட்ட சேவை அது. குடியேற்ற அரசு தன் போருக்காகத் தொடங்கியதை, விடுதலை பெற்ற நாட்டின் மக்கள் தம் சொந்த நாட்டுப் போரை அறிந்துகொள்ளப் பயன்படுத்தியது வரலாற்றின் விளையாட்டு. கொழும்பு வானொலியில் பழகிய குரல்கள் சில அங்கிருந்து மீண்டும் கேட்டன. அப்பல்லோ சுந்தாவும் பின்னாளில் அங்கே சென்று சேர்ந்திருந்தார். ஆனந்தி சூரியப்பிரகாசமும் இலங்கையிலிருந்து போனவர். மாம்புரியிலிருந்து பேசாலைக்கு என்ன நேர்ந்ததென்று அறிய, செய்தி முதலில் இலண்டனுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நிகழ்ச்சிகள் நிறைந்த ஒரு நாள் முழுவதும் சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொன்னது.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து வந்தோர் பலர் படகுகளில் கடலால் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். நானாவின் மனைவியின் உறவினர் எருக்கலம்பிட்டியில் இருந்தனர். அவர்கள் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்பதை எந்த வானொலியும் பெயர் சொல்லி அறிவிக்கவில்லை. மூன்று இரவுகள் அக்கடை பூட்டப்படவில்லை. கத்தோலிக்க வீட்டுக் கணவரும் அவர் கூட்டாளிகளும் கரையில் தீ மூட்டிக் காத்திருந்து, வந்த படகுகளிலிருந்து பிள்ளைகளைத் தோளில் இறக்கினர். நானாவின் மைத்துனர் குடும்பம் ஐந்து பேர், நான்காம் நாள் மாலை, களைத்துப் போய், கற்பிட்டியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தது. அவர்களுக்கு முதற் சோறு கிடுகு வீட்டிலிருந்துதான் போயிற்று. அன்று அவ்வீட்டில் பன்றியும் இல்லை, கள்ளும் இல்லை. சட்டிகளைச் சாம்பலிட்டு மூன்று முறை தேய்த்து, நெத்தலிக் குழம்பு வைத்து, மூடித் துணி கட்டி அனுப்பினாள். “ஹலாலான மீன்தான் நானா” என்று அவள் சொன்னபோது அவர் அழுதார் என்பர். ‘ஹலால்’ என்ற சொல்லை அவள் கற்றது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பின்னர் நாள் உடைந்தது. 1979இலும் 1982இலும் சுயாதீனத் தொலைக்காட்சியும் ரூபவாஹினியும் வந்தபோதே அது சற்று விரிசல் கண்டிருந்தது. அவற்றில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிதாகையால் வானொலி தப்பிற்று. 1998ஆம் ஆண்டளவில் தனியார் பண்பலைகள் தமிழில் தொடங்கியதும் நாள் முழுவதும் பாட்டு என்றாயிற்று. பிள்ளைகள் அங்கே போயினர். செய்தியை வேண்டியோருக்குச் செய்தி, வேதத்தை வேண்டியோருக்கு வேதம், பாட்டுக்குப் பாட்டு. யாரும் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. இதைக் குறை சொல்வதும் எளிதன்று. தன் விருப்பத்தைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை சிறிதன்று. பற்றரியைக் காயவைத்த காலத்தைப் பொற்காலம் என்பவர் பற்றரி காயவைத்தவராக இருப்பதில்லை. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு நின்றது. இணையத்தில் அது வாழ்கிறது. சிற்றலை முள்ளுக்கு இனி வேலையில்லை.

இன்று மாம்புரிக் கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. அருகே நுரைச்சோலையில் 2011 முதல் அனல்மின் நிலையம் புகைகிறது. நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஊராகிவிட்டது மாம்புரி. கிடுகு வீடு கல்வீடாயிற்று. கணவர் காலமாகிவிட்டார். எழுபதைத் தாண்டிய அம்மூதாட்டியின் அலுமாரி மேல் யுனிக் பெட்டி துணி மூடி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மூவர், மூவர் கையிலும் கைத்தொலைபேசி, மூவர் காதிலும் கருவி. ஒரே திண்ணையில் இருந்தபடி ஒருவன் கிரிக்கெட்டும், ஒருத்தி கொரிய நாடகமும், மற்றொருவன் சிங்களப் பாட்டும் கேட்கின்றனர். என்ன கேட்கிறாய் என்று பாட்டி வினவினால், ஒரு கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொள்வர்.

மரண அறிவித்தல்களும் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டன. குடும்பத்துக்கொரு குழு, பள்ளிவாசலுக்கொரு குழு, கோயிலுக்கொரு குழு. புகைப்படத்தோடும் பூமாலையோடும் வருகின்றன. நானா மூன்று மாதம் நோயுற்றுக் கிடந்து ஒரு வெள்ளிக்கிழமை வைகறையில் மௌத்தானபோது, அவருடைய பிள்ளைகள் குவைத்துக்கும் இலண்டனுக்கும் நொடியில் செய்தி அனுப்பினர். மூதாட்டி எந்தக் குழுவிலும் இல்லை. அவளுடைய பேரப்பிள்ளைகள் இருக்கும் குழுக்களிலும் அச்செய்தி இல்லை.

சுபஹுத் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில், பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல். பெயர், தந்தை பெயர், கடை, பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், நல்லடக்க நேரம். அவள் அடுப்பை அணைத்தாள். கடைசிவரை நின்று கேட்டாள். பேரனின் காதுக் கருவியைத் தன் கையால் கழற்றி, “குடையை எடு” என்றாள்.

நானாவின் வீட்டு முற்றத்தில், வெள்ளை முக்காட்டோடு ஒரு பெண் அவளை நோக்கி எழுந்து வந்தாள். ஒரு காலத்தில் தன் பெயரின் பிற்பாதியைக் கேளாமற்போன சிறுமி அவள்.

“உங்களுக்கு யார் சொன்ன, மாமி?”

“ஸ்பீக்கர்ல கேட்டன் புள்ள” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு மூதாட்டி உள்ளே போனாள்.